கெட்டுப்போன ஃபைலைக் கொண்டு வாங்க: ஊரில் ஒரு சாலிட்வொர்க்ஸ் யூசர் குரூப் நடத்துவது எப்படி

பம்ப் டிசைனில் எனக்கு இது 17-வது வருடம். கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும்) பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2018-லிருந்து, நடுவில் கொரோனாக் காலம் போக, மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோவையில் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களை ஒன்றுகூட்டிக் கூட்டம் நடத்திவருகிறேன். திருப்பூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் "எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும், எப்படிங்க்கா நடத்தறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், இந்தக் கூட்டம் யாருக்காக என்பதில் தெளிவாக இருங்கள். கணபதியிலோ சின்னவேடம்பட்டியிலோ ஒரு பட்டறைக்குள் போனால் டிசைன் ரூம் என்பது எட்டுக்குப் பத்தில் ஒரு தடுப்பறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஆள். முதலாளிக்கு லேத் அத்துப்படி, வார்ப்பு அத்துப்படி. ஆனால் மாடலில் ஒரு ஃபில்லட் (மூலையை உருட்டிவிடும் வளைவு) பிழை என்று சிவப்புக் குறி போட்டு நின்றுவிட்டால், அந்தத் தடுப்பறையில் இருக்கிற தம்பிக்குக் கேட்க ஆளில்லை. இரவு ஒன்பது மணிவரை தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டுவான். முடியாவிட்டால் மாடலை அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவான். நானும் அப்படி மூன்று வருடம் தனியாகப் போராடியவள்தான். பக்கத்துத் தெருவில் அதே சிக்கலை அதே ராத்திரி இன்னொருவர் தீர்த்துக்கொண்டிருப்பார், இவருக்குத் தெரியாது. அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

சாலிட்வொர்க்ஸின் முதல் பதிப்பு 1995-ல் வந்தது. அதைப் பயன்படுத்துகிறவர்களே ஊர் ஊராகக் குழு சேர்த்து, விற்பவர்கள் தலைமை இல்லாமல் தாங்களே நடத்துவது அமெரிக்காவில் வேரூன்றிய பழக்கம். சாலிட்வொர்க்ஸ் யூசர் குரூப் நெட்வொர்க் என்ற வலைப்பின்னல் அப்படி உருவானதுதான். நீங்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம், செய்யாமலும் தொடங்கலாம். எனக்கு முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர். அதில் 4 பேர் எங்கள் கம்பெனி.

நாள், நேரம், இடம்

நம் ஊர்ச் சிறுதொழில் நாட்காட்டியைப் பார்த்து நாள் குறியுங்கள். மாதக் கடைசி வாரம் டெஸ்பாட்ச் நெருக்கடி, யாரும் வரமாட்டார்கள். முதல் வாரம் முழுக்க அதன் மிச்சம் மீதி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு. அதனால் இரண்டாவது சனிக்கிழமை, மாலை 5 மணி. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் மறுநாள் முகூர்த்தமா என்று காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். முகூர்த்தம் என்றால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வரவேற்பில்தான் இருப்பார்கள்.

முடிக்கும் நேரம் தொடங்கும் நேரத்தைவிட முக்கியம். 7:30-க்கு முடிப்பேன் என்று அழைப்பில் எழுதுங்கள், 7:30-க்கு முடியுங்கள். முதல் வருடம் நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் ஒன்பது மணி வரை இழுத்தோம். டிசைன் வேலையில் இருக்கும் பெண்கள் இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிட்டார்கள். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டியவர்கள் அவர்கள். நேரத்தைக் கட்டிய பிறகுதான் திரும்ப வந்தார்கள். இப்போது மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இடத்துக்கு மூன்று வழி உண்டு. உங்கள் கம்பெனியின் மீட்டிங் ரூமில் வைத்தால் செலவில்லை; ஆனால் போட்டிக் கம்பெனிக்காரர்கள் வாசல்படி ஏறமாட்டார்கள், அவர்கள் முதலாளி விடவும் மாட்டார். தொழிற்சங்கக் கட்டட அரங்கு பொதுவானது, ஆனால் மேசை இருக்காது, நாற்காலி மட்டும்தான். எங்களுக்குப் பொருந்தியது கல்லூரி லேப். சனிக்கிழமை சாயங்காலம் காலியாக இருக்கும், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், பதிலுக்குக் கடைசி வருட மாணவர்கள் பத்துப் பேரை உள்ளே விட்டால் துறைத்தலைவர்கள் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள்.

கல்லூரி லேபில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, அங்கே இருப்பது கல்விக்கான லைசென்ஸ். கம்பெனி ஃபைலை அதில் திறந்து சேமித்துவிட்டால் அந்த முத்திரை ஃபைலோடு ஒட்டிக்கொள்ளும். டிராயிங் பிரிண்ட் எடுக்கும்போது 'கற்பித்தலுக்கு மட்டும்' என்ற ஆங்கில வரி அதில் வந்து நிற்கும். வாடிக்கையாளருக்குப் போகும் டிராயிங்கில் அந்த வரி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே லேபில் பயிற்சி மாடல்கள் மட்டும். கம்பெனி ஃபைல் அவரவர் லேப்டாப்பில் மட்டும். இந்த விதியைக் கரும்பலகையில் எழுதியே வையுங்கள்.

இரண்டாவது, பதிப்பு. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. 2024 பதிப்பிலிருந்து முந்தைய இரண்டு பதிப்புகளுக்குச் சேமித்துக் கொடுக்கும் வசதி வந்துவிட்டது, ஆனால் 2018-லேயே நின்றுவிட்ட பட்டறைகள் நம்மூரில் நிறைய. பெயர் பதியும்போதே "எந்த வருஷ வெர்ஷன்?" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். பயிற்சி ஃபைலை இருப்பதிலேயே பழைய வெர்ஷனில் தயார் செய்தால் எல்லோருக்கும் திறக்கும்.

ஒரே ஒரு ஃபைல்

கூட்டத்தில் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் மூன்றாவது மாதத்தில் படுத்துவிடுகின்றன. புதுப்பதிப்பில் என்னென்ன வந்திருக்கிறது என்று ஒருவர் ஸ்லைடு போட்டுக் காட்டுவார், எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போவார்கள். அது வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது. அதற்காக யாரும் அரசூரிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வரவேண்டியதில்லை.

நாங்கள் மாதம் ஒரு ஃபைலை எடுக்கிறோம். ஓர் உறுப்பினரின் நிஜமான, சிக்கலில் நிற்கிற ஃபைல். அதைத் திரையில் திறந்து வைத்து ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

ஒரு கூட்டத்தை அப்படியே சொல்கிறேன். 12 ஸ்டேஜ் (அடுக்கு) சப்மெர்சிபிள் பம்பின் அசெம்ப்ளி, அதாவது எல்லாப் பாகங்களும் சேர்ந்த மாடல். கொண்டுவந்தவர் டிப்ளமோ முடித்த தம்பி. "திறக்கவே நாலு நிமிஷம் ஆகுதுங்க்கா, சுத்தினா தொங்கிக்குது. புது கம்ப்யூட்டர் வேணும்னு சொன்னேன், முதலாளி திட்டறாரு" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் உடனே கிராஃபிக்ஸ் கார்டு பேச ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தினேன். முதலில் அளந்து பார்ப்போம். எவாலுவேட் டேபில் பெர்ஃபார்மன்ஸ் எவாலுவேஷன் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்தப் பாகம் திறக்க எத்தனை நொடி, எதில் எத்தனை கிராஃபிக்ஸ் முக்கோணங்கள் என்று பட்டியல் போட்டுத் தரும். போட்டோம். பட்டியலின் உச்சியில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு போல்ட்!

திறந்து பார்த்தால், இணையத்திலிருந்து இறக்கிய போல்ட். மரையை ஹெலிக்ஸ் (சுருள் கோடு) போட்டு உண்மையாகவே வெட்டியிருந்தது. ஸ்டேஜுக்கு நாலு, மொத்தம் 48 போல்ட், 48 நட், ஒவ்வொன்றிலும் சுருள் சுருளாக மரை. தம்பியையே முன்னால் உட்கார வைத்து, ஹெலிக்ஸை சப்ரெஸ் செய்து (முடக்கிவைத்து), அதற்குப் பதிலாக, மரையை வெட்டாமல் கோடாக மட்டும் காட்டும் காஸ்மெட்டிக் த்ரெட் போடச் சொன்னோம். டிராயிங்கில் மரைக்கோடு வரும், மரை அளவும் வரும், சுமை இருக்காது. நட்டுக்கும் அப்படியே. சேமித்து மூடித் திறந்தார். நாற்பது நொடி. கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை, திரையையே பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷமா இதோட போராடிட்டு இருந்தேன்" என்றார்.

அன்று வந்திருந்த 26 பேரில் 9 பேர் திங்கட்கிழமை காலை தங்கள் அசெம்ப்ளியில் இதே போல்ட்டைத் தேடிக் கண்டுபிடித்ததாகச் செய்தி அனுப்பினார்கள்.

ஃபைலைப் பார்க்கும்போது சில ஒழுங்குகள். மவுஸ் ஃபைலுக்குச் சொந்தக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். கெட்டிக்காரர் ஒருவர் எழுந்துபோய் மவுஸைப் பிடுங்கி டப்டப்பென்று சரிசெய்துவிட்டால் ஒருவருக்கும் எதுவும் ஒட்டாது. அறையில் இருப்பவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும். அடுத்து, தீர்வு சொல்வதற்கு முன்னால் மாடல் கட்டிய படிகளின் பட்டியலில் இருக்கும் ரோல்பேக் பாரை மேலே இழுத்து, மாடல் எப்படிக் கட்டப்பட்டது என்று முதல் ஸ்கெட்சிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். வார்ப்புப் பாகங்களில் நான் பார்த்தவரை நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபில்லட்டை முதலில் போட்டுவிட்டு டிராஃப்டை (மண் அச்சிலிருந்து எளிதாக வெளிவருவதற்கான சரிவை) பிறகு போடுவது. டிராஃப்ட் முதலில், பெரிய ஃபில்லட் அடுத்து, சின்னது கடைசியில். வரிசையை மாற்றினாலே சிவப்பெல்லாம் போய்விடுகிற மாடல்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பேச்சு தமிழில் இருக்கட்டும். கட்டளைப் பெயர்கள் திரையில் இருக்கிறபடி இருக்கட்டும், "இந்த ஃபேஸைப் பிடிச்சு அந்தப் பிளேனுக்கு மேட் பண்ணு" என்று வாயில் வருகிறபடி சொல்லுங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்துவிட்டுப் பத்து வருடமாக மாடல் போட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் இருக்கும் விஷயம் பெரிது. மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் அவர்கள் வாயை மூடிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இழப்பு எனக்குத் தாங்குவதில்லை.

கம்பெனி ரகசியம்

"எங்க டிசைனை எப்படிங்க வெளிய காட்டறது?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. முதலாளிக்குத் தெரியாமல் யாரும் ஃபைலைக் கொண்டுவரக் கூடாது. அதை அழைப்பிலேயே எழுதுங்கள். அனுமதி கிடைத்தாலும் முழு ஃபைல் தேவையில்லை. மாடலை நகலெடுத்து, சிக்கலான இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி நீக்கிவிடலாம். அளவுகளை மாற்றிவிடலாம். இம்பெல்லர் என்றால் பிளேடு வளைவுதான் ரகசியம். சிக்கல் ஹப் (நடுக்குடம்) ஃபில்லட்டில் என்றால் பிளேடுக்கு பதிலாக ஒரு நேர்த் தகட்டை நிறுத்திக் கொண்டுவாருங்கள். டைட்டில் பிளாக்கில் கம்பெனி பெயர், பார்ட் நம்பர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். தொடர்புள்ள ஃபைல்களையெல்லாம் ஒன்றாகக் கட்டும் பேக் அண்ட் கோ போட்டு அனுப்பினால், டிராயிங்கைச் சேர்க்கும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஃபைல் திரையில் இருக்கும் நேரம் முழுக்க ஃபோன் சட்டைப்பையில். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பெயர்ச் சீட்டில் கம்பெனி பெயர் எழுதாதீர்கள். செய்யும் வேலையை எழுதச் சொல்லுங்கள்: 'சப்மெர்சிபிள்', 'வெட் கிரைண்டர்', 'ஜிக் - ஃபிக்சர்', 'மில் ஸ்பேர்ஸ்'. இதைச் செய்த மாதத்திலிருந்து போட்டிக் கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள்.

மென்பொருள் விற்கிற டீலர்கள் உதவிக்கு வருவார்கள். டீ செலவை ஏற்பார்கள், நல்ல டெக்னிக்கல் ஆளை அனுப்புவார்கள், அந்த ஆளால் நிறைய லாபமும் உண்டு. வரட்டும். கடைசியில் 10 நிமிடம் கொடுங்கள். ஆனால் வருகைப் பதிவேட்டைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் விஷயத்தில் பயந்துகொண்டிருக்கிற சின்னப் பட்டறைகள் உண்டு. பட்டியல் வெளியே போகிறது என்று ஒரு வதந்தி வந்தால் பாதிக் கூட்டம் காணாமல் போகும். நான் யாரிடமும் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லை, திருட்டுப் பதிப்பை நிறுவிக் கொடுக்கும் பேச்சையும் அறைக்குள் அனுமதிப்பதில்லை. பணம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளைக் காட்டுகிறேன். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்த பிறகு, மாடலின் ஒரு முகத்தை (பக்கத்தை) தொட்டால் பின்னால் வரும் ஃபீச்சர்கள் எல்லாம் இடம் தவறுகிற பழைய தொந்தரவு பெருமளவு குறைந்திருக்கிறது. சிறிய ஃபிக்சர் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

அடுத்த மேசைக்காரரை அழையுங்கள்

இது என் சொந்தப் பிழையிலிருந்து வந்தது. வேலையில் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்த) பம்பின் வால்யூட் கேசிங்குக்கு, அதாவது சுருள் வடிவ வெளிக்கூட்டுக்கு, டிராயிங் கொடுத்தேன். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்று படித்திருந்ததால், மாடலில் எல்லா அளவையும் பெரிதாக்கும் ஸ்கேல் ஃபீச்சர் போட்டு 1.01 கொடுத்து, அந்த மாடலிலிருந்தே டிராயிங் எடுத்துவிட்டேன். 400 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அடித்தளம் டிராயிங்கில் 404. பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்கிறவரோ, காலங்காலமாகச் செய்கிறபடி கன்ட்ராக்‌ஷன் ஸ்கேலை எடுத்து 404-ஐ அளந்துவிட்டார். அந்த ஸ்கேலில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏற்கனவே சுருக்கத்தைச் சேர்த்து நீட்டப்பட்டது. இரண்டு தடவை சேர்ந்துபோனது. வார்ப்பு 4 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது, மெஷினிங் ஃபிக்சரில் உட்காரவே இல்லை. ஆறு கேசிங் திரும்ப உலைக்குப் போயிற்று. நானும் அவரும் ஒரு தடவை நேரில் பேசியிருந்தால் நடந்திருக்காது.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மவுஸ் பிடிக்காத ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்கிறேன். பேட்டர்ன் செய்கிறவர், மோல்டர் (மண் அச்சு பிடிக்கிறவர்), வி.எம்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மில்லிங் மெஷின்) ஓட்டுகிறவர், ஷீட்மெட்டல் வளைக்கிறவர். முதல் தடவை வந்த பேட்டர்ன்காரருக்கு அறுபது வயதிருக்கும். நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, பையில் தேக்கு மரக் கோர் பாக்ஸ் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மண் கருவைச் செய்யும் பெட்டி) ஒன்றும், துணி சுற்றிய கன்ட்ராக்‌ஷன் ஸ்கேலும் கொண்டுவந்தார். திரையில் ஒரு பிராக்கெட்டைச் சுழற்றிக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தார். "இந்தப் பக்கம் மண்ணுல இருந்து எப்படிம்மா எடுப்பீங்க?" எந்த முகத்தில் சரிவு போதாது என்று நிறத்தில் காட்டும் டிராஃப்ட் அனாலிசிஸைப் போட்டுப் பார்த்தோம். அவர் விரல் வைத்த முகம் மட்டும் நிறம் மாறி நின்றது. பிறகு சாதாரண ஸ்கேலையும் கன்ட்ராக்‌ஷன் ஸ்கேலையும் பக்கம் பக்கமாக மேசைமேல் வைத்தார். முன்னூறாவது கோட்டில் இரண்டுக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். அத்தனை வருடம் ஸ்கேல் ஃபீச்சர் போட்டவர்களில் பலர் அந்தப் பொருளை அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

இப்படி வருகிறவர்களுக்கு நாற்காலி முன்வரிசையில் போடுங்கள், போகவர வண்டிச் செலவு கொடுங்கள், "அண்ணா, ஐயா" என்று கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். மைக் கொடுத்து உரையாற்றச் சொல்ல வேண்டாம். ஒரு பாகத்தையும் ஒரு மாடலையும் முன்னால் வைத்தால் தானாகப் பேசுவார்கள்.

போட்டி

வருடத்தில் இரண்டு தடவை வையுங்கள். சாலிட்வொர்க்ஸின் ஆண்டு மாநாட்டில் மாடல் மேனியா என்று ஒரு போட்டி நடக்கும். அந்த மாநாட்டுக்கு 2020-லிருந்து பெயர் த்ரீடிஎக்ஸ்பீரியன்ஸ் வேர்ல்ட். அதே முறைதான். ஒரு டிராயிங் கொடுத்து 25 நிமிடத்தில் மாடல் போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டாவது தாள்: தகட்டின் தடிமன் 8 அல்ல 12, துளை நாலு அல்ல ஆறு. அதற்கு 10 நிமிடம். முதல் சுற்றில் வேகமாக முடித்தவர்கள் பலர் இரண்டாவது தாளில் மாட்டிக்கொள்வார்கள்; அளவுகளை நிதானமாகக் கட்டியவரின் மாடல் ஒரு தட்டில் மாறிவிடும். யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை, பக்கத்துத் திரையைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். சரிபார்க்க எடைதான் வழி. எல்லோருக்கும் வார்ப்பிரும்பின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் என்று கொடுத்து, மாஸ் பிராப்பர்ட்டீஸ் கட்டளையில் வரும் கிராமை எழுதச் சொல்லுங்கள். சாலிட்வொர்க்ஸின் சி.எஸ்.டபிள்யூ.ஏ., சி.எஸ்.டபிள்யூ.பி. சான்றிதழ்த் தேர்வுகளிலும் இப்படித்தான் எடை கேட்கிறார்கள். பரிசுக்கு நல்ல மவுஸ் ஒன்று போதும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகள்

புரொஜெக்டரில் ஃபீச்சர் ட்ரீ (மாடல் கட்டிய படிகளின் பட்டியல்) பின்வரிசைக்குத் தெரியாது. விண்டோஸ் எழுத்து அளவை 150 சதவீதத்துக்கு ஏற்றி, பின்னணியை வெள்ளையாக்கி, ஓரக் கோடுகளோடு காட்டுங்கள். அரைமணி முன்னால் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, சக்கரம் நன்றாக உருளும் மவுஸ் ஒன்று உங்கள் பையிலேயே இருக்கட்டும். அன்றைக்கு அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். சாயங்காலம் கரண்ட் வந்துவிடும் என்றாலும் லேபின் யு.பி.எஸ். வடிந்துபோயிருக்கும்.

செலவுக்கு ஆளுக்கு 50 ரூபாய் வாங்குகிறோம். டீ, தேங்காய் பன், வந்தவரின் வண்டிச் செலவு எல்லாம் அதில் அடங்கும். மாணவர்களிடம் வாங்குவதில்லை. டீ இடைவேளையை 20 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். எல்லோர் முன்னாலும் கை தூக்காதவர்கள் அந்த நேரத்தில்தான் லேப்டாப்பைத் திறந்து பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள்.

அடுத்த மாதத்து ஃபைலை இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். "யாராவது கொண்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கொண்டுவரமாட்டார்கள். டீயின்போது முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் அந்த ஃபைலை அவர்களோடு உட்கார்ந்து நீங்கள் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்; தீர்வு கண்டுபிடிக்க அல்ல, திறக்கிறதா, ரகசியம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மட்டும். இந்த மாதம் ஒரு கிரைண்டர் கம்பெனித் தங்கையின் முறை. டில்டிங் மாடலின் கீல் பக்கம், சாய்க்கும்போது இரண்டு பாகம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகிறதாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபைலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.